கொழும்பு இயற்கை வரலாற்று நூதனசாலை: உயர்தரப் பிள்ளைகளோடு போனால் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

களுவாஞ்சிகுடி_உயிரியல்

க.பொ.த. உயர்தர உயிரியல் பிரிவில் 38 பிள்ளைகள். கொழும்பு இயற்கை வரலாற்று நூதனசாலைக்கு ஒரு பயணம் ஒழுங்கு செய்கிறோம். உள்ளே மூன்று மணித்தியாலம் கிடைக்கும். வழக்கமாக இப்படியான பயணங்களில் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிகளைக் கடந்து நடந்துபோய் அரை மணித்தியாலத்தில் வெளியே நிற்பார்கள். அது நடக்கக் கூடாது.

கேட்க விரும்புவது மூன்று. மட்டக்களப்பில் இருந்து எப்படிப் போனால் பகல் பொழுது மிஞ்சும்? உள்ளே எதை எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்? பாடவிதானத்தில் படிக்கிற ஒப்புமை அமைப்புகள் (வேலை வேறானாலும் எலும்பமைப்பு ஒன்றாக இருக்கும் உறுப்புகள்), வகைப்பாடு ஆகியவற்றை அங்கே எப்படிக் காட்டலாம்? பிள்ளைகள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றும் இருக்கிறது: அங்கே டைனோசர் எலும்பு இருக்குமா?

வாவிக்கரையான்

பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன் டீச்சர், மற்றதை விசயம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பகல் புகையிரதத்தில் போகவே வேண்டாம். காலையில் மட்டக்களப்பில் ஏறினால் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கும்போது பின்னேரமாகிவிடும், நூதனசாலை ஐந்து மணிக்கு மூடிவிடும். இரவு வண்டி என்றால் விடியற்காலையில் இறங்கலாம். நேரசூசி மாறிக்கொண்டிருப்பதால் போகிற கிழமையில் நிலையத்திலேயே கேளுங்கள். 38 பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டுமானால் ஆசனங்களை வெகு முன்னதாகவே பதிய வேண்டும்.

வாடகை பஸ் என்றால் ஓட்டமாவடி, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழி. புணானையில் இருந்து வெலிக்கந்தை வரையும், மறுகா ஹபரணைப் பக்கமும் இரவில் யானை றோட்டுக்கு ஏறும். அந்த இரண்டு துண்டிலும் சாரதி வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று புறப்படுமுன் சொல்லி வையுங்கள். அம்பாறையில் இருந்து வருகிறவர்களுக்கு உகனை, மகா ஓயா, மகியங்கனை, கண்டி வழி கிட்ட. ஆனால் மகியங்கனைக்கும் ஹுன்னஸ்கிரியவுக்கும் இடையில் இருக்கிற கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் வரிசையாகச் சத்தி எடுப்பார்கள். அந்த வழியென்றால் ஏறுவதற்கு முன் பாரமான சாப்பாடு கொடுக்காதீர்கள், முன் ஆசனங்களை வயிறு பிரட்டுகிற பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள்.

கோட்டையில் இருந்து 138 இலக்க பஸ் நூதனசாலைப் பக்கம் போகும். இடத்தை நன்றாகக் கவனியுங்கள்: 1877 ஜனவரி 1 இல் திறந்த பெரிய வெள்ளைக் கட்டடம் தேசிய நூதனசாலை. சிம்மாசனம், சிலைகள் எல்லாம் அங்கே. நீங்கள் தேடுகிற இயற்கை வரலாற்று நூதனசாலை அதற்குப் பின்னால், ஆனந்த குமாரசுவாமி மாவத்தைப் பக்கம், 1986 இல் திறந்த தனிக் கட்டடம். சீட்டு வாங்கும்போது எந்தக் கட்டடத்துக்கு என்று பெயர் சொல்லி வாங்குங்கள். பலர் முன் கட்டடத்தைப் பார்த்து முடித்துக் களைத்துப்போய், பின் கட்டடத்துக்குக் கால் மணித்தியாலம்தான் கொடுக்கிறார்கள். உயிரியல் பிள்ளைகளுக்கு வரிசையை மாற்றுங்கள். முதலில் பின் கட்டடம், நேரம் மிஞ்சினால் முன் கட்டடம்.

அதிபரின் கடிதத்தைத் தேசிய நூதனசாலைகள் திணைக்களத்துக்கு முன்கூட்டியே அனுப்பி, வலயக் கல்விப் பணிமனையின் பயண அனுமதியின் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். போயா நாளையும் அரச விடுமுறையையும் தவிருங்கள்.

சம்மாந்துறை_பாறை

டைனோசர் கேள்வியைச் சும்மா "இல்லை" என்று முடித்துவிடாதீர்கள் டீச்சர். அந்த ஒரு கேள்வியை வைத்து அரை நாள் பாடம் நடத்தலாம்.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கேம்பிரியனுக்கு முந்திய பாறை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் பூமிக்கடியில் பல நூறு பாகை வெப்பத்தில் வெந்து உருமாறியவை அவை. டைனோசர்கள் வாழ்ந்தது ஏறத்தாழ 23 கோடி ஆண்டு முதல் 6.6 கோடி ஆண்டு முன்பு வரை. அதாவது நம் காலுக்கடியில் உள்ள கல், டைனோசர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே கல்லாகிவிட்டது. எலும்பு புதைய வேண்டுமானால் அந்தக் காலத்தில் படிந்த சேறோ மணலோ வேண்டும். இலங்கையில் டைனோசர் வாழ்ந்த யுராசிக் காலத்துப் படிவு புத்தளம் மாவட்டத்தில் தப்போவ, ஆண்டிகம போன்ற சிறு பள்ளங்களில் மட்டும் தப்பியிருக்கிறது. அங்கே கிடைத்தவை பெரும்பாலும் இலைப் பதிவுகள். யாழ்ப்பாணத்தில் இருந்து புத்தளம் வரையுள்ள சுண்ணக்கல், டைனோசர் அழிந்து வெகு காலத்துக்குப் பின் வந்த மயோசின் காலத்தது, அதில் கடலுயிர்கள். ஆகப் புதியது இரத்தினபுரி மாணிக்கக் கிடங்குகளின் சரளைப் படை. யானை, நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் புதைபடிவங்கள் எல்லாம் அதற்குள்ளிருந்துதான் வந்தன.

பாறைகள், கனிமங்கள் பகுதியில் நின்று இதைச் சொல்லும்போது நம் மாவட்டத்தையும் சேருங்கள். மட்டக்களப்பும் அம்பாறையும் பெரும்பாலும் விஜயன் தொகுதி என்ற பாறைப் பிரிவில் கிடக்கின்றன. கோண்பிளெண்ட், பயோட்டைற்று என்ற கருநிறக் கனிமங்கள் கலந்த கோடு கோடான நைஸ் பாறை. குடும்பிமலையும் சியம்பலாண்டுவப் பக்கத்துக் கோவிந்தகெலவும் அரிப்புக்குத் தப்பி நிற்கிற தனிக்குன்றுகள். மேற்கே போகப்போக உயர்நிலத் தொகுதி என்ற மற்றப் பாறைப் பிரிவு வரும். இரண்டும் சந்திக்கிற எல்லையை ஒட்டித்தான் மகா ஓயா வெந்நீர் ஊற்று இருக்கிறது. அம்பாறையில் இருந்து அந்த வழியால் போகிற பஸ் அந்த எல்லையையே கடந்து போகிறது. பிள்ளைகளுக்கு பஸ்ஸிலேயே சொல்லலாம்.

செய்யச் சொல்ல வேண்டியது: ஊரில் கருங்கல் உடைக்கிற இடத்தில் இருந்து புதிதாக உடைந்த முகமுள்ள, உள்ளங்கை அளவு கல் ஒன்றை ஒவ்வொரு குழுவும் கொண்டு போகட்டும். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று. கறுப்புக் கோடு எது, வெள்ளைக் கோடு எது என்று அங்கே உள்ள கனிம மாதிரிகளோடு ஒப்பிடட்டும். மழையில் நனைந்து பாசி பிடித்த கல்லைக் கொண்டு போனால் ஒன்றும் தெரியாது. அந்தத் தெருவின் பெயருக்குரிய ஆனந்த குமாரசுவாமியும் புவியியலாளர்தான், இலங்கைக் கனிமவியல் ஆய்வின் முதற் பணிப்பாளர், தோரியனைற்று என்ற கனிமத்தை உலகுக்குக் காட்டியவர். கலை விமர்சகர் என்று மட்டும் அறிந்த பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

பட்டிப்பளை_ஆறு

நான் பாடம் செய்த விலங்குகளைப் பற்றி எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் இவற்றைப் "பஞ்சு அடைத்த மிருகம்" என்று நினைத்துப் பார்ப்பதால்தான் ஒன்றும் கற்காமல் திரும்புகிறார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதில் அந்த விலங்குக்குச் சொந்தமானது தோல், மயிர், குளம்பு, நகம், கொம்பு, சில வேளைகளில் மண்டையோடு, கால் எலும்பு. தசை இல்லை, கண் இல்லை, நாக்கு இல்லை. தோலை உரித்து, உள்ளே ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் சுரண்டி, உப்புப் போட்டு நீரை இழுத்து, படிகாரக் கரைசலில் பதப்படுத்தி, கம்பி, மரச்சுருள், வைக்கோல், சாந்து அல்லது கண்ணாடியிழையால் செய்த உருவத்தின் மேல் போர்த்தித் தைக்கிறார்கள். உடம்பின் வடிவம் செய்தவரின் கணிப்பு. ஆகவே "இது எவ்வளவு பருமன்?" என்பதற்குப் பாடம் செய்த உருவம் நம்பத்தக்க சாட்சி அல்ல. மயிரின் நிறம், பல், நகம், குளம்பு, உண்மையான எலும்புக்கூடு, இவைதான் சாட்சி.

பழுது எங்கே தெரியும் என்றும் சொல்லிக் கொடுங்கள். வயிற்றின் நடுவிலும் காலின் உட்பக்கத்திலும் தையல் ஓடும், தோல் காய்ந்து சுருங்கினால் முதலில் வெடிப்பது அங்கேதான். மூக்கு, உதடு, காதின் விளிம்பு மெல்லியவை, அவையும் முதலில் சுருங்கும். மயிர் வட்டம் வட்டமாக உதிர்ந்திருந்தால் தோல்வண்டின் புழு வேலை செய்திருக்கும். அடியில் பழுப்புப் பொடியும் உரிந்த புழுத்தோலும் கிடக்கும். கொழும்பு கடலோர நகரம், ஈரப்பதம் கூடினால் பூஞ்சணம், குறைந்தால் வெடிப்பு. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருவதுதான் ஆக மோசம்.

பழைய காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கத் தோலின் உட்பக்கத்தில் ஆசனிக்கு என்ற நஞ்சு கலந்த சவர்க்காரம் பூசினார்கள். உலகம் முழுவதிலும் பழைய சேகரிப்புகளில் அது இன்னும் இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் திறந்து வைத்த எதையும் தொடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளைகளிடம் "தொடாதே" என்று மட்டும் சொன்னால் தொடுவார்கள், காரணத்தைச் சொன்னால் தொட மாட்டார்கள்.

கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் கண்ணாடிக் கண். சிறுத்தைக்கு வட்டமான கண்மணி, வீட்டுப் பூனைக்கும் முதலைக்கும் நெட்டுக் கீறல், மானுக்குக் கிடைக் கீறல். செய்தவர் சரியாக வைத்தாரா என்று பிள்ளைகளே சோதிக்கலாம்.

களுவாஞ்சிகுடி_உயிரியல்

மிக்க நன்றி சேர். நிறத்தைப் பற்றி ஒரு சந்தேகம். பச்சைப் பாம்பு போத்தலில் நீலமாக இருப்பதைப் பிள்ளைகள் ஆய்வுகூடத்தில் பார்த்திருக்கிறார்கள். பறவைகளிலும் இப்படி நிறம் மாறுமா? குமண, பொத்துவில் பக்கம் நாங்கள் காண்கிற பறவைகளோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

பட்டிப்பளை_ஆறு

அதற்குக் காரணம் தெளிவானது டீச்சர். பச்சைப் பாம்பின் பச்சை இரண்டு அடுக்கு. தோலின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடித்துத் தருகிற நீலம் ஒன்று, அதன் மேல் மஞ்சள் நிறப்பொருள். அற்ககோலில் மஞ்சள் கரைந்துவிடும், அமைப்பு கரையாது. மிஞ்சுவது நீலம்.

பறவையிலும் இதே கணக்கு. மீன்கொத்தியின் நீலம், மயிலின் பச்சை நீலம் இறகின் நுண்ணமைப்பில் பிறப்பவை, நூறு ஆண்டானாலும் அதிகம் மங்காது. பூநாரையின் இளஞ்சிவப்பு உணவில் இருந்து வருகிற கரோட்டினொயிட்டு என்ற நிறப்பொருள், வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். கபிலமும் கறுப்பும் மெலனின் என்ற நிறப்பொருள், மங்குவதில் இரண்டுக்கும் நடுவில். கால், அலகின் அடி, கண்ணைச் சுற்றிய வெறுந்தோல், இவற்றின் நிறம் செத்த சில நாளிலேயே போய்விடும், காட்சிக்கு வைப்பதில் காண்பது மேலே பூசிய வர்ணம். ஆகவே ஒப்பிடும்போது அலகின் வடிவம், கால் நீளம், விரல்களுக்கிடையே சவ்வு, சிறகின் வரிகள் என்று வடிவத்தை எழுதட்டும். வெளுத்த நிறத்தை "இந்தப் பறவையின் நிறம்" என்று குறிப்புப் புத்தகத்தில் எழுத விடாதீர்கள். மீன்களில் இன்னும் மோசம், பெரும்பாலும் முழுவதும் வர்ணம் பூசியதாகவோ வார்ப்பாகவோ இருக்கும்.

மருதமுனை_நானா

எங்கட புள்ளைகளுக்குத் தெரிஞ்ச பிராணிகளில் இருந்து தொடங்குறது நல்லம் டீச்சர். ரெண்டு சோடி சொல்லுறன்.

உடும்பும் கபரக்கொய்யா என்கிற நீருடும்பும். நிறத்தைப் பார்த்துப் பிரிக்கப் போனால் பிழைக்கும், குட்டிகளில் புள்ளி வேற மாதிரி. மூக்குத் துவாரத்தைப் பாருங்க. கபரக்கொய்யாவுக்கு மூஞ்சி நுனிக்குக் கிட்ட, உருண்டையாக இருக்கும். உடும்புக்கு நுனியில இருந்து தள்ளி உள்ளுக்கு, கீறல் மாதிரிச் சாய்வாக இருக்கும். பாடம் செய்த தோலிலயும் இது அழியாது.

ரெண்டாவது, முதலை. குளத்து முதலைக்கும் ஆத்துவாய், களப்புப் பக்கம் வாற உவர்நீர் முதலைக்கும் வித்தியாசம் பிடரியில. குளத்து முதலைக்குத் தலைக்குப் பின்னால, கழுத்துக் கேடயத்துக்கு முன்னால நாலு பெரிய செதில் வரிசையாக நிற்கும். உவர்நீர் முதலைக்கு அந்த இடத்தில பெரிய செதில் கிடையாது, இருந்தாலும் சின்னது. அதோட உவர்நீர் முதலைக்குக் கண்ணுக்கு முன்னால இருந்து மூஞ்சி வரைக்கும் ரெண்டு மேடு ஓடும். மண்டையோடு மட்டும் இருந்தால் அந்த மேட்டைத் தேடலாம். ஆறும் களப்பும் கலக்கிற ஊர்ப் புள்ளைகளுக்கு இது படிப்பு மட்டும் இல்ல, பாதுகாப்பும்தான்.

நம்மட பக்கத்துப் புள்ளைகளும் வருவதென்றால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்க. தவிர்க்க ஏலாட்டி லிப்டன் சுற்றுவட்டத்துக்குக் கிட்ட தெவட்டகஹ பள்ளிவாசல் இருக்கு, ஜும்ஆத் தொழுகைக்கு நடந்தே போகலாம். அந்த நேரத்தை மற்றப் புள்ளைகளின் சாப்பாட்டு நேரமாக வைங்க.

ஒலுவில்_கரை

ஒப்புமை அமைப்புகளுக்கு எலும்புகள் போதும். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையை நீட்டி மேற்கை எலும்பு, ஆரை, அரந்தி, மணிக்கட்டு, விரல் என்று சொல்லி, அதே வரிசையை வௌவால், யானை, கடலாமை, திமிங்கிலம் எதில் கண்டாலும் விரலால் காட்ட வேண்டும். திமிங்கிலத்தின் துடுப்பு வெளியே பலகைபோல இருந்தாலும் உள்ளே இதே எலும்புகள், விரல் எலும்புகளின் எண்ணிக்கை மட்டும் கூடியிருக்கும். வால் துடுப்புக்குள் எலும்புச் சட்டம் இல்லை, அது வேறு கதை.

ஆமையில் நிற்பதற்கு அஞ்சு நிமிடம் ஒதுக்குங்கள். ஆமையோடு அது குடியிருக்கிற வீடு என்று நினைக்கிற பிள்ளைக்கு உட்பக்கத்தைக் காட்டினால் விலா எலும்பும் முதுகெலும்பும் ஓட்டோடு ஒன்றாகியிருப்பது தெரியும். ஆமை ஓட்டைவிட்டு வெளியே வர முடியாததற்குக் காரணம் அதுதான். உலகத்தின் ஏழு கடலாமை இனங்களில் ஐந்து நம் தீவின் கரைகளில் முட்டையிடுகின்றன.

பற்களில் மூன்று. யானைக்கு ஒவ்வொரு தாடைப் பக்கத்துக்கும் வாழ்நாளில் ஆறு கடைவாய்ப்பல், பின்னாலிருந்து முன்னுக்குத் தள்ளி ஒன்று தேய அடுத்தது வரும். மேற்பரப்பின் வரம்புகளை எண்ணச் சொல்லுங்கள். அழுங்குக்குப் பல்லே இல்லை. உக்குளான் என்கிற சருகுமானுக்குக் கொம்பு இல்லை, ஆனால் கிடாயின் மேற்தாடையில் சிறு கோரைப்பல் வெளியே நீட்டும். மரையின் கொம்பு முழு எலும்பு, ஒவ்வொரு சுற்றிலும் விழுந்து முளைக்கும். எருமையின் கொம்பு எலும்பின் மேல் நகப்பொருள் உறை, விழாது. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் நாம் "கொம்பு" என்பதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

தம்பிலுவில்_தேடல்

இலங்கையில் ஒரு காலத்தில் சிங்கம் இருந்ததென்று அங்கே பார்க்கலாமே. முழுச் சிங்கத்தின் எலும்புக்கூடு கிடைத்ததா?

சம்மாந்துறை_பாறை

இல்லை தம்பி. குருவிட்டவில் கிடைத்த பற்களை வைத்து, அப்போது நூதனசாலைப் பணிப்பாளராக இருந்த பி.இ.பி. தெரணியகல 1939 இல் அதற்கு ஒரு துணையினப் பெயர் கொடுத்தார். பிடரி மயிர் எப்படி, நிறம் எப்படி என்பதற்குப் பல் எதையும் சொல்லாது. சிங்கத்தைப் படமாகவோ உருவமாகவோ எங்கே கண்டாலும் பல்லுக்கு அப்பால் உள்ளது எல்லாம் இன்றைய சிங்கத்தைப் பார்த்து நிரப்பியது.

நீர்யானையின் கதை இன்னும் உறுதி. இன்றைய பெரிய நீர்யானைக்குக் கீழ்த்தாடையில் முன்பல் நான்கு. இரத்தினபுரி நீர்யானைக்கு ஆறு, பேரினப் பெயரான ஹெக்சாப்புரோட்டோடான் என்பதே அதைத்தான் சொல்கிறது. தாடையைக் கண்டால் முன்பற்களின் குழிகளை எண்ணச் சொல்லுங்கள். இந்தப் புதைபடிவங்களை ஆழமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் இரத்தினபுரியில் எஹெலபொல வளவில் உள்ள நூதனசாலைக்கும் ஒரு நாள் போக வேண்டும், ஆனால் ஒரே பயணத்தில் இரண்டையும் சேர்க்காதீர்கள்.

வாவிக்கரையான்

சேர்க்கிற பேச்சு வந்ததால்: தெகிவளை மிருகக்காட்சிச்சாலையையும் அதே நாளில் போட்டால் இரண்டும் கெடும். காலையில் உயிரோடு இருக்கிற விலங்கைப் பார்த்த பிள்ளை பின்னேரம் எலும்பைப் பார்க்காது.

பட்டிப்பளை_ஆறு

38 பேரை எப்படி நிறுத்துவது என்பதற்கு வருகிறேன். சாதாரண காட்சிப்பெட்டிக்கு முன்னால் ஒரே நேரத்தில் ஆறு, ஏழு பேர்தான் வாசித்து வரைய முடியும். பின்வரிசைப் பிள்ளை கண்ணாடியைக் காணாது, கதைக்கத் தொடங்கும், சத்தம் கூடும், காவலர் வருவார். ஆகவே ஆறு குழு, நான்கில் ஆறு பேர், இரண்டில் ஏழு பேர். ஆறு நிலையங்கள்: பாறை, அழிந்த விலங்குகள், பாலூட்டி எலும்பு, பறவை, ஊர்வன, பூச்சி. ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம், இடம் மாற ஐந்து நிமிடம். மொத்தம் இரண்டரை மணித்தியாலம். மிச்சம் அரை மணித்தியாலம் பிள்ளை தனக்குச் சோட்டையான இடத்துக்குத் திரும்பிப் போவதற்கு. அதை வெட்டாதீர்கள், உண்மையான கேள்விகள் அந்த அரை மணித்தியாலத்தில்தான் பிறக்கும்.

ஒவ்வொரு நிலையத்திலும் ஒரே ஒரு உயிரைத் தெரிந்து வரைய வேண்டும், பத்தை எழுதக் கூடாது. பென்சில், வெள்ளைத்தாள் நான்கு, பின்னால் பிடிக்க மட்டை. பேனா வேண்டாம், தரையிலும் பெட்டியிலும் மை படும். படம் எடுப்பதற்கான விதியைச் சீட்டு வாங்கும் இடத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். பிளாஷ் போடவே கூடாது, கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு விழும். கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, சுற்றிக் கறுப்புத் துணி வைத்தால் பிரதிபலிப்பு போய்விடும்.

ஒலுவில்_கரை

இன்னொன்று, சில பள்ளிகள் நூதனசாலைக்குக் கொடுக்க என்று கரையில் கிடந்த ஆமை ஓடு, பறவை முட்டை, தோல் எல்லாம் கொண்டு போகப் பார்க்கின்றன. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட உயிரினத்தின் பாகத்தை வைத்திருப்பதே குற்றமாகலாம். நல்லெண்ணம் பிள்ளையைக் காப்பாற்றாது. கரையில் கண்டால் கண்ட இடம், திகதி, ஓட்டின் நீளம் அகலம் எழுதி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். நூதனசாலைக்குப் பயன்படுகிற தகவலும் அதுதான்.

களுவாஞ்சிகுடி_உயிரியல்

குழுப் பிரிப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: பெயர்ப்பலகையில் இருந்து பிள்ளைகள் எதைப் பிரதி பண்ண வேண்டும்? போன முறை வேறோர் இடத்தில் முழுப் பலகையையும் எழுதி நேரம் போய்விட்டது.

பட்டிப்பளை_ஆறு

இரண்டு வரி போதும் டீச்சர். முதல் வரி விஞ்ஞானப் பெயர், இரண்டாம் வரி கிடைத்த இடமும் ஆண்டும், பலகையில் இருந்தால். தமிழ்ப் பெயரை மட்டும் எழுதினால் வீட்டுக்கு வந்து தேடும்போது தவறான விலங்கில் போய் நிற்கும். நாம் மரை என்பதைத் தமிழ்நாட்டில் கடமான் என்பார்கள். நம் பக்கத்தில் சிறுத்தையைப் புலி என்றும் சொல்வதால், இலங்கைக் காட்டில் வரிப்புலி வாழ்ந்ததென்று எழுதிய விடைத்தாள்களும் உண்டு. பெட்டியில் பதிவிலக்கம் ஏதாவது குறித்திருந்தால் அதையும் எழுதட்டும். மறுகா ஒரு சந்தேகம் வந்து திணைக்களத்துக்குக் கடிதம் போட்டால், அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் எந்த மாதிரி என்று கண்டுபிடிப்பார்கள்.